ஏழேகால் மணி வக்கீல்

"கிளட்ச், மேடம், கிளட்ச்! அது பிரேக்கு!"

ரவுண்டானாவின் நட்டநடுவில் கார் ஒரு துள்ளு துள்ளியது, ஒரு தடவை இருமியது, அப்படியே மூச்சை விட்டது. பின்னால் ஒரு பேருந்து. அதற்குப் பின்னால் சிமென்ட் லாரி. அதற்கும் பின்னால் இரண்டு பள்ளிக்கூட வேன்கள். எல்லோரும் பேசி வைத்துக்கொண்டது போல ஒரே நேரத்தில் ஹாரனை அமுக்கினார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் டீச்சரின் போன் அடித்தது.

தம்பி.

ஒரு கை ஸ்டியரிங்கில், இன்னொரு கை ஹேண்ட்பிரேக்கில். முழங்கையால் போனைத் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, கோபப்படாமக் கேளு."

இப்படி ஆரம்பிக்கிற பேச்சு எதுவும் நல்லபடியாக முடிந்ததாகச் சரித்திரம் இல்லை.

"சொல்லுடா."

"வக்கீல் சார் இன்னிக்கு வர முடியாதாம். வேற ஊர்ல ஒரு கேஸாம். நாளைக்குக் காலையில பார்த்துக்கலாம்னு சொல்றார்."

"நாளைக்குப் பதினோரு மணிக்கு ஏலம்டா!"

"அவருக்குத் தெரியாதாக்கா? பெரிய ஆள் அவர். பதட்டப்படாதீங்கன்னு..."

"மனு போட்டாச்சா இல்லியா? அதைச் சொல்லு முதல்ல."

"திங்கட்கிழமையே போட்டாச்சுன்னாரே. நான் அப்புறம் கூப்பிடறேன்க்கா, பஸ் வந்துடுச்சு."

போன் செத்தது. கார் ஏற்கெனவே செத்திருந்தது.

டீச்சர் என்றால் கரும்பலகை டீச்சர் அல்ல, டிரைவிங் ஸ்கூல் டீச்சர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தனக்கென்று வைத்த இன்னொரு பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு, பன்னிரண்டு வருஷத்தில் அந்த ஊரின் பாதிப் பேரை ரோட்டுக்கு அனுப்பியவள். வருகிறவர்களின் பெயர் எதுவும் அவள் மனசில் நிற்காது. நேரம்தான் நிற்கும். "ஆறரை பாஸாயிட்டார், எட்டு மணிக்குக் கண்ணே தெரியலை" என்பாள். இப்போது ஸ்டியரிங்கில் வியர்த்துக்கொண்டிருந்த ஐம்பது வயது அம்மாள், ஏழேகால். மூன்று வாரமாக வருகிறாள். ரிவர்ஸ் கியர் என்றால் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் போடுவாள்.

போன வாரம் ஒரு முன்பின் தெரியாத ஆள் டேப்பும் கையுமாக வாசலில் வந்து நின்று, "ஏலத்துக்கு வருதாமே, அளந்து பார்க்கலாம்னு வந்தேன்" என்று சொன்ன நிமிஷத்திலிருந்து டீச்சர் வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. மாடியில் இரண்டு அறை எடுப்பதற்காக அப்பா வீட்டை பேங்கில் அடமானம் வைத்திருந்தார். பெயிண்டர் அவர். மாடி எழும்பியது, அவர் சாரத்திலிருந்து விழுந்தார். இடுப்பு எலும்பு சேர எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் தவணை கட்டவில்லை. பேங்குக்கு இடுப்பைப் பற்றி என்ன அக்கறை?

தம்பிதான், "சிட்டியில பெரிய வக்கீல் இருக்கார், நான் பார்த்துக்கறேன்" என்று வரிந்து கட்டினான். டீச்சர் தன் ஸ்கூட்டரை விற்று, சேமிப்பையும் துடைத்து எடுத்து, வக்கீல் ஃபீஸுக்கென்று அவன் கையில் கொடுத்தாள். இப்போது தினமும் காலையில் நடந்தே போய்த்தான் ஸ்கூல் காரை எடுக்கிறாள்.

பின்னால் பேருந்து டிரைவர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "யம்மா, குடித்தனம் பண்ணப் போறீங்களா அங்கேயே?"

ஏழேகால் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினாள். கிளட்சை அடி வரை மிதித்தாள். கண்ணாடி பார்த்தாள், இண்டிகேட்டர் போட்டாள், ரவுண்டானாவிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்து, ஓரத்துக் கல்லுக்கு ஒரு சாண் தள்ளி வண்டியை நிறுத்தினாள். மூன்று வாரத்தில் முதல் தடவையாக எல்லாம் சரியாக.

"டீச்சர், ஒரு சந்தேகம். நாளைக்குக் காலையில ஏலம்னா, நாளைக்குக் காலையில அந்த வக்கீல் எதைப் பார்ப்பார்? ஏலத்தையா?"

"மேடம்?"

"ஒட்டுக்கேட்டேன்னு நினைக்காதீங்க. நீங்கதான் ஸ்பீக்கர்ல போட்டீங்க. நான் வக்கீல், டீச்சர். பத்தொன்பது வருஷமா இந்த ஊர் கோர்ட்லதான். எங்கிட்ட வர்றதுல பாதி வீட்டுக் கடன் கேஸு."

டீச்சர் முழுசாகத் திரும்பி அவளைப் பார்த்தாள். "மூணு வாரமா சொல்லவே இல்லியே!"

"நீங்க எங்க கேட்டீங்க? 'ஏழேகால், கியரை மாத்துங்க'ன்னு கத்திட்டுதானே இருந்தீங்க."

டீச்சருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் பாதிப் பாதி வந்தது.

"எங்க கேஸை எடுத்துக்குவீங்களா மேடம்?"

"முதல்ல ஃபீஸைப் பேசிடுவோம். அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது." ஏழேகால், இல்லை, வக்கீலம்மா, டாஷ்போர்டில் கிடந்த டிரைவிங் ஸ்கூல் ரசீதுப் புத்தகத்தை இழுத்து, ஒரு தாளின் பின்பக்கம் எழுத ஆரம்பித்தாள். மனு போட இவ்வளவு, கோர்ட்டில் நின்று பேச இவ்வளவு, இதற்கு மேல் ஏதாவது என்றால் முன்கூட்டியே கேட்டுவிட்டுத்தான். கீழே கையெழுத்துப் போட்டு நீட்டினாள். "பாதி இன்னிக்கு. மீதி அப்புறம். இன்னொண்ணு. நீங்க என்கிட்ட 'கண்டிப்பா லைசென்ஸ் கிடைக்கும்'னு சொன்னீங்களா?"

"அது எப்படி மேடம் சொல்ல முடியும்? நீங்க ஓட்டுறதைப் பொறுத்தது."

"அதேதான். நானும் கண்டிப்பா ஜெயிக்கும்னு சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்ற வக்கீலைப் பார்த்தா ஓடிடுங்க. சரி, ஏற்கெனவே ஒரு வக்கீல் இருக்கும்போது நான் குறுக்கே நுழையறது முறையில்ல. அவர் சம்மதம் வேணும். பேரும் நம்பரும் வாங்கிக் கொடுங்க."

டீச்சர் தம்பிக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. 'வக்கீல் பேர், நம்பர். உடனே அனுப்பு' என்று தட்டிவிட்டாள். பார்த்துவிட்டான் என்று திரை காட்டியது. பதில் வரவில்லை.

"பஸ்ல இருக்கான். சிக்னல் இருக்காது" என்றாள் டீச்சர்.

"இருக்கும்" என்றாள் வக்கீலம்மா, பொதுவாக. "இப்ப நீங்க ஓட்டுங்க. உயிரோட போய்ச் சேரணும்."

"கோர்ட்டுக்கா?"

"கோர்ட் பத்து மணிக்குத்தான். முதல்ல உங்க வீடு. வீட்டைப் பார்க்காம வீட்டுக் கேஸை எடுக்க மாட்டேன்."

"சிட்டி வக்கீல், பத்திரத்தை ஸ்கேன் பண்ணி அனுப்பினாப் போதும்னு சொன்னாராமே மேடம்."

"ஸ்கேன்ல வாசல் தெரியுமா?"

•

அப்பாவை அந்த வட்டாரத்து மேஸ்திரிகள் 'செகண்ட் கோட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தச் சுவரையும் ஒரே கோட்டோடு விட்டு அவருக்குத் தூக்கம் வராது. வீட்டுச் சொந்தக்காரர் காசு இல்லை என்று கையை விரித்தாலும், தன் கைக்காசில் பெயிண்ட் வாங்கி இரண்டாவது கோட்டை அடித்துவிட்டுத்தான் ஏணியை மடக்குவார். அதனால்தான் ஊரிலே நல்ல பெயரும் பையிலே ஓட்டையும்.

அவர் வாசலில் பிரஷ்களை அலசிக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா. பார்த்து, கேட்டுல சாயாதீங்க."

"காயலையா?" வக்கீலம்மா சட்டென்று நகர்ந்தாள்.

"காஞ்சு ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. சொல்லிச் சொல்லிப் பழக்கம்."

டீச்சர் யார் இவர் என்று சொன்னாள். அப்பா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலி எடுத்துவந்தார். வக்கீலம்மா உட்காரவில்லை. அந்தச் சந்தன நிற கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, பேங்க்ல இருந்து வாசல்ல ஏதாவது நோட்டீஸ் ஒட்டினாங்களா?"

"இல்லையே."

"ஒட்டியிருக்கணுமே. ஏலத்துக்கு முழுசா முப்பது நாள் முன்னாடி வாசல்ல ஒட்டி, அதைப் போட்டோ எடுத்து வைக்கணும். சட்டம் அப்படி."

"நோட்டீஸ் எதுவும் வரலைம்மா. தபால்காரன் ரெண்டு தடவை வந்து, ஆள் இல்லைன்னு திரும்பிப் போனானாம். நான் வேலைக்குப் போயிடுவேன், இவ காருக்குப் போயிடுவா. ஒட்டினதுன்னா..." அப்பா தலையைச் சொறிந்தார். "ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தான் எவனோ."

"என்ன போஸ்டர்?"

"யாருக்குத் தெரியும்? செகண்ட் கோட்டு அடிச்சு மூணு மணி நேரம்கூட ஆகலைம்மா! கைகால் கழுவிட்டு, சாப்பிட்டுட்டு வர்றதுக்குள்ள ஈரத்துல கொண்டாந்து அப்பிட்டுப் போயிட்டான். வயித்தெரிச்சலா இருக்காது? பட்டி பார்க்குற தகட்டை எடுத்தேன், ஒரே சுரண்டு. அந்த எடம் பூரா கொப்புளம். அவனாலதான் மூணாவது கோட்டு அடிக்க வேண்டியதாப் போச்சு."

"படிக்கவே இல்லையா?"

"பெயிண்ட் அடிக்கிறப்போ யாரும்மா கண்ணாடி போட்டுக்குவா?"

டீச்சர் தலையில் கையை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா! நம்ம வீட்டை ஏலம் விடற நோட்டீஸைச் சுரண்டிக் குப்பையில போட்டிருக்கீங்க!"

அப்பாவின் முகம் விழுந்தது. ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "நோட்டீஸுன்னா கையில கொண்டாந்து கொடுக்கணும். ஈரக் கேட்டுல ஒட்டுறது என்ன மரியாதை?"

வக்கீலம்மாவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்பது டீச்சருக்கு அப்புறம்தான் புரிந்தது.

"என்னிக்கு அடிச்சீங்க, ஞாபகம் இருக்கா?"

"ஞாபகம் எதுக்கு? இப்படி வாங்க." அப்பா அவளை கேட்டின் பின்பக்கம் கூட்டிப் போய்க் குனிந்து, கீழ்க் கீலுக்கு அருகில் விரலை வைத்தார். பென்சிலில் பொடி எழுத்து. கலர் நம்பர், எத்தனையாவது கோட்டு, தேதி. "எங்க அடிச்சாலும் எழுதி வச்சுடுவேன். நாளைக்கு எவனாவது காரைக் கொண்டு மோதினா, டச்சப் பண்ணக் கலர் நம்பர் வேணும்ல?"

போன மாதம் பதினேழாம் தேதி.

வக்கீலம்மா அதைப் படம் எடுத்துக்கொண்டாள். "ஐயா, சட்டையை மாத்திட்டு ரெடியா இருங்க. கையெழுத்துக்குக் கூப்பிடுவேன்."

"நான் சுரண்டினது தப்பாம்மா?"

"அதை அப்படியே எழுதப் போறோம். ஒரு வார்த்தை கூட்டாம, குறைக்காம."

•

பேங்கில் பத்து மணிக்குக் கதவைத் திறந்ததும் முதல் ஆளாக இவர்கள்தான் நுழைந்தார்கள்.

"ஃபைல் மேனேஜர் டேபிள்ல இருக்கு. அவர் மீட்டிங்ல இருக்கார். நாளைக்கு வாங்களேன்" என்றார் கடன் பிரிவில் இருந்தவர், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பரவாயில்ல, காத்திருக்கேன்." வக்கீலம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். "பத்து மணியில இருந்து ஃபைலைக் காட்டாம உக்கார வச்சாங்கன்னு மனுவுல ஒரு வரி சேர்த்துக்கறேன். உங்க பேரு என்ன சார்?"

ஃபைல் இரண்டு நிமிஷத்தில் வந்தது.

வக்கீலம்மா விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் புரட்டினாள். கடைசியில் ஒரு போட்டோவில் நின்றாள். முகம் சுருங்கியது.

"மூணாம் தேதி ஒட்டினதா எழுதியிருக்காங்க. போன மாசம் மூணாம் தேதி. அப்படின்னா முப்பது நாள் சரியா இருக்கு, டீச்சர்."

டீச்சர் நாற்காலியை நெருக்கிப் போட்டாள். போட்டோவை வாங்கிப் பார்த்தாள். தன் வீட்டுக் கேட். நடுவில் வெள்ளைத் தாள். பக்கத்தில் ஒரு அட்டை தொங்கியது. அப்பாவின் கோணல் எழுத்து: 'ஈரம். தொட்டால் திட்டுவேன்.'

ஒரு கண்ணாடியில் பின்வண்டியையும் மறு கண்ணாடியில் சைக்கிளையும் பார்த்துக்கொண்டே, பக்கத்தில் இருப்பவரின் காலையும் கவனிக்கிற கண் அவளுக்கு.

"மேடம், இது மூணாம் தேதி இல்ல."

"எப்படிச் சொல்றீங்க?"

"கலரைப் பாருங்க. சந்தனம். மூணாம் தேதி எங்க கேட்டு பச்சை."

"பென்சில் எழுத்தைப் பேங்க் வக்கீல் ஒத்துக்க மாட்டார். நேத்து எழுதினதும்பார்."

டீச்சர் போனை எடுத்து வேகவேகமாகத் தள்ளினாள். லைசென்ஸ் வாங்குகிற ஒவ்வொருவரையும் தன் வீட்டுக் கேட் முன்னால் காரோடு நிறுத்திப் படம் எடுப்பது அவள் வழக்கம். ஸ்கூலுக்கு அதுதான் விளம்பரம்.

"இதோ, ஆறரை மணி. பாஸான அன்னிக்கு."

முப்பத்திரண்டு பல்லும் தெரிய ஒரு மனிதர் சாவியைத் தூக்கிக் காட்டினார். அவருக்குப் பின்னால் கேட். பச்சைப் பசேல் என்று. மூலையில் தேதி: போன மாதம் பன்னிரண்டு.

வக்கீலம்மா இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரு நீண்ட மூச்சு விட்டாள்.

"பன்னிரண்டாம் தேதி பச்சையா இருந்த கேட்டு, மூணாம் தேதி சந்தனமா இருந்திருக்கு. பேங்க்ல காலம் பின்னோக்கிப் போகுது போல." கடன் பிரிவுக்காரர் பக்கம் திரும்பினாள். "சார், இதுக்கு ஒரு நகல். முத்திரையோட."

நகல் எடுக்கும்போது போகிற போக்கில் கேட்டாள். "ஏலத்துக்கு எத்தனை பேர் முன்பணம் கட்டியிருக்காங்க?"

"ஒரே ஒருத்தர்தான் மேடம்."

•

ஒரு மணிக்குக் கோர்ட் கவுண்டர் மூடிவிடும். தம்பியிடமிருந்து பேரும் வரவில்லை, நம்பரும் வரவில்லை; இனிமேல் காத்திருக்க நேரமில்லை என்று வக்கீலம்மா சொல்லிவிட, பதினொன்றரைக்கு அவள் ஆபீஸில் டைப் அடிக்க ஆரம்பித்தார்கள். சைக்கிள் கடைக்கு மேலே ஒரு அறை. கீழே டயருக்குக் காற்றடிக்கிற சத்தம், மேலே வக்கீலம்மா சொல்லச் சொல்ல டைப்பிஸ்ட் பெண்ணின் விரல்கள்.

"'ஈரப் பெயிண்டின் மேல் ஒட்டப்பட்டிருந்த தாளை விளம்பரம் என்று நினைத்து, வாசிக்காமலே, பட்டித் தகட்டால் சுரண்டி எடுத்தேன்.' சரியா ஐயா?"

இஸ்திரி போட்ட சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருந்த அப்பா கையைத் தூக்கினார். "மூணாவது கோட்டு அடிச்சதையும் போடுங்கம்மா. பெயிண்டு விலை என்ன விக்குது!"

"அது வேண்டாம் ஐயா."

பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு மனு கவுண்டருக்குள் போனது. டீச்சர் ஓட்டிய வேகத்தில், 'இப்படியெல்லாம் ஓட்டக் கூடாது' என்று அவளே தன் மாணவர்களுக்குச் சொல்கிற எல்லாவற்றையும் அன்று செய்திருந்தாள்.

முத்திரை குத்திய குமாஸ்தாவிடம் வக்கீலம்மா கேட்டாள். "இதே பார்ட்டி பேர்ல திங்கட்கிழமை சிட்டி வக்கீல் ஒருத்தர் மனு போட்டிருக்காராம். நம்பர் பார்த்துச் சொல்லுங்களேன்."

குமாஸ்தா பதிவேட்டில் விரலை ஓட்டினார். திரும்பவும் ஓட்டினார். "இந்தப் பேர்ல ஒண்ணுமே வரலையே மேடம். திங்களும் இல்ல, செவ்வாயும் இல்ல."

டீச்சர் கவுண்டர் பலகையில் ஓங்கித் தட்டினாள். "அடப்பாவி! என் தம்பியை ஏமாத்தியிருக்கான் மேடம் அந்த ஆள். பணத்தை முழுசா வாங்கிக்கிட்டு..."

வக்கீலம்மா முத்திரை குத்திய நகலை மடித்துப் பைக்குள் வைத்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, அதை அடக்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

கோர்ட்டில் இருக்கிறோம் என்று டீச்சர் அனுப்பிய செய்தியைப் பார்த்து, இரண்டு மணிக்குத் தம்பி வந்து சேர்ந்தான். தோளில் பை, கலைந்த தலை. கோர்ட் வராந்தாவில் அக்காவையும் அப்பாவையும் பார்த்ததும் தயங்கி நின்றான்.

டீச்சர் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடுடா. போன பணம் போகட்டும். நல்லவன்னு நம்பித்தானே கொடுத்தே? நீ என்ன பண்ணுவே?"

தம்பி தரையைப் பார்த்தான்.

"அந்த வக்கீல் பேரைக் கொடுங்க தம்பி" என்றாள் வக்கீலம்மா மெதுவாக. "வக்கீல் சங்கத்துல புகார் கொடுப்போம். பணத்தை வாங்கிடலாம்."

"வேணாம் மேடம். விட்டுடலாம்."

"ஏன்?"

"வீண் அலைச்சல்." நெற்றியைத் துடைத்துக்கொண்டான். பிறகு அக்காவிடம், "இந்த மனுவெல்லாம் இப்ப தேவையாக்கா? நாளைக்கு என்ன ஆகுதுன்னு பார்த்துட்டு..."

"உளறாதடா. நாளைக்கு வீடு போயிடும்டா!"

அவன் பையைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தான்.

•

மூன்று மணிக்கு ஜட்ஜ் இரண்டு போட்டோவையும் கையில் எடுத்தார். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.

பேங்க் வக்கீல் எழுந்தார். "தேதி மட்டும் டைப்பிங் பிழை, யுவர் ஆனர்..."

"சரி. அப்படின்னா சரியான தேதி எது?"

பேங்க் வக்கீல் பின்னால் திரும்பி பேங்க் ஆளைப் பார்த்தார். பேங்க் ஆள் கூரையைப் பார்த்தார்.

"'ஈரம். தொட்டால் திட்டுவேன்'னு எழுதித் தொங்கவிட்டிருக்கார். அதுக்குப் பக்கத்துலயே ஒட்டியிருக்கீங்க." ஜட்ஜ் அப்பாவைப் பார்த்தார். "திட்டினீங்களா?"

"ஆளைக் காணோம் சார். கேட்டைத்தான் திட்டினேன்."

கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜும் உதட்டோரத்தில் கொஞ்சம்.

முப்பது நாள் அவகாசம் தரப்படவில்லை. நாளைய ஏலத்துக்குத் தடை. கடன் வாங்கியவர் வேலைக்குத் திரும்பிவிட்டதால், பேங்க் எட்டு வாரத்துக்குள் அவரை உட்கார வைத்துப் பேசித் தவணையைப் புதிதாக அமைக்க வேண்டும். நான்கு நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. அப்பா மட்டும் இன்னும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"முடிஞ்சுதுப்பா. வாங்க."

"வீடு நம்மளதுதானே?"

"நம்மளதுதான்."

"அப்ப மாடிப்படிக்குச் செகண்ட் கோட்டு அடிச்சுடலாம்" என்றார். சட்டைக் கையை அப்போதே மடித்துவிட ஆரம்பித்தார்.

உத்தரவு நகல் கைக்கு வர ஐந்து மணி ஆனது. திரும்பும்போது வக்கீலம்மா சாவிக்குக் கையை நீட்டினாள். "இன்னிக்கு என் கிளாஸ் பாதியில நின்னுபோச்சு. காசு கொடுத்திருக்கேன்."

பின் சீட்டில் அப்பா. காலையிலிருந்து முதல் முறையாகச் சாய்ந்து உட்கார்ந்து, வழியில் தெரிந்த ஒவ்வொரு வீட்டுக்கும் மார்க் போட்டுக்கொண்டு வந்தார். "அது என் வேலை. அது என் வேலை. அது எவனோ ஒரே கோட்டுல விட்டுட்டுப் போயிட்டான், பாரு, திட்டுத் திட்டா." அவர் பக்கத்தில் தம்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். மாலை வெயில் கார் முழுக்க நிறைந்திருந்தது. டீச்சர் தன் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டாள். அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. அந்த சீட்டில் அவள் காலை எடுத்து உட்கார்ந்ததே இல்லை.

"மூணாவது கியர் போடட்டுமா டீச்சர்?"

"நாலே போடுங்க மேடம். இன்னிக்கு எதைக் கேட்டாலும் சரி."

வீட்டு வாசலில் கார் நின்றதும் அப்பா இறங்கி உள்ளே போனார். தம்பியும் இறங்கி, கேட் பக்கமாகப் போய் நின்றான். வக்கீலம்மா சாவியைக் கொடுத்து, தன் வீட்டுக்கு நடந்தே போய்விடுவதாகச் சொன்னாள். கைப்பையிலிருந்து உத்தரவு நகலை எடுத்து டீச்சரிடம் நீட்டியவள், உடனே கையை விடவில்லை.

"மூணாவது பக்கத்தை நீங்க மட்டும் தனியா வாசிங்க. கோபத்துல எதுவும் முடிவு பண்ணாதீங்க. காலையில ஏழேகாலுக்குப் பேசலாம்."

அவள் தெருமுனை திரும்புகிற வரை டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கார்க் கதவில் சாய்ந்துகொண்டு மூன்றாவது பக்கத்தைப் பிரித்தாள்.

'ஏலத்துக்கு முன்பணம் கட்டியவர் ஒருவர் மட்டுமே. அவர் கட்டிய தொகையை பேங்க் ஒரு வாரத்துக்குள் திருப்பித் தர வேண்டும். அவருடைய முகவரி பின்வருமாறு.'

கதவு எண். தெரு.

டைப் அடித்த பெண் தவறிப்போய் இந்த வீட்டு முகவரியையே அடித்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தாள். இன்னொரு தடவை வாசித்தாள். முகவரிக்கு மேலே பெயர் இருந்தது. அந்தப் பெயரை அவளுக்கு இருபத்தெட்டு வருஷமாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது விண்ணப்பத்தில் அதை எழுதியவளே அவள்தான்.

"டேய்."

தம்பி திரும்பினான். அவள் கையில் இருந்த பக்கத்தைப் பார்த்தான்.

"அந்த சிட்டி வக்கீல் பேர் என்னடா?"

உள்ளே அப்பா பெயிண்ட் டப்பாவின் மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தார். தம்பி உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"சிட்டியில வக்கீல்னு யாருமே இல்லக்கா. நீ கொடுத்த பணம் அப்படியே ஏல முன்பணமா அந்த பேங்க்லதான் இருக்கு. நாளைக்கு ஏலத்துல இந்த வீட்டை எடுக்க இருந்தது நான்தான்."